குட்டிக் கள்ளி கற்றுத்தந்த பாடம்



இந்த மாதம் சுவர் இதழின் அறிவியல் பகுதி என் முறை. வழக்கமாக இந்த இடத்தில் பத்து துணுக்குச் செய்திகள் இருக்கும். இந்தத் தடவை ஒரே ஒரு செடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏன் என்றால் அந்தச் செடியைச் சாகடித்தது நான்தான்.

கட்டுரை கொஞ்சம் நீளம். மூன்று தாள் ஒட்டியிருக்கிறேன். காலை இடைவேளையில் பாதி, மதியச் சாப்பாடு முடிந்து மீதி என்று படித்துக்கொள்ளுங்கள். முண்டியடிக்காதீங்க, தாள் கிழிஞ்சிடும்!

நடந்தது என்ன?

நம் அறிவியல் ஆய்வக ஜன்னல் ஓரத்தில் ஒரு சின்ன மண்தொட்டி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதில் டென்னிஸ் பந்து அளவுக்கு உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக ஒரு கள்ளிச்செடி. அறிவியல் டீச்சர் நர்சரியில் வாங்கி வந்து வைத்தது. சுதந்திர தினக் கொடியேற்றம் முடிந்த மறுநாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே இதை நீ பாத்துக்கம்மா" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தினமும் பிரேயர் முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். சாயங்காலம் மணி அடித்ததும் ஒரு டம்ளர். சனி, ஞாயிறு வர முடியாதே என்று வெள்ளிக்கிழமை மட்டும் கூடுதலாக இரண்டு டம்ளர். காலாண்டு விடுமுறை வந்தது. இத்தனை நாள் செடி தாகத்தில் தவிக்குமே என்று தொட்டிக்குக் கீழே ஒரு தட்டு வைத்து, அது நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

லீவு முடிந்து வந்து பார்த்தால் செடி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பென்சிலால் லேசாகத் தொட்டேன். அடிப்பாகம் அழுகின வாழைப்பழம் மாதிரி கொழகொழவென்று உள்ளே போனது. கெட்ட வாடை வேறு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. "தண்ணி பத்தலையோ" என்று இன்னொரு டம்ளர் ஊற்றினேன் என்றால் பாருங்களேன்!

டீச்சர் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீ இதை நல்லாத்தான் பாத்துக்கிட்ட. ஆனா இது யாருன்னு பாக்கலையே" என்றார்கள். பிறகு, "இது எங்கேருந்து வந்தது, அங்கே எப்படி வாழுது, இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வா. வந்து சுவர் இதழ்ல எழுது. அதான் உனக்குத் தண்டனை" என்றார்கள். அந்தத் தண்டனையைத்தான் இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

யார் இந்தக் குட்டிக் கள்ளி?

எங்கள் தொட்டிச் செடியில் எந்த வகை என்று பெயர் எழுதிய அட்டை இல்லை. மாமில்லேரியா என்னும் கூட்டத்தைச் சேர்ந்தது என்று டீச்சர் சொன்னார்கள். அதன் நடு முள் ஒவ்வொன்றும் நுனியில் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். இரண்டு தடவை என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருக்கிறது! அப்படிக் கொக்கி முள் உள்ள ஒரு காட்டுக் கள்ளியின் படத்தை டீச்சர் காட்டினார்கள். அதை ஆங்கிலத்தில் ஃபிஷ்ஹூக் காக்டஸ் என்கிறார்கள். நான் தமிழில் தூண்டில்முள் கள்ளி என்று பெயர் வைத்துவிட்டேன். இனி இந்தக் கட்டுரையில் அதுதான் கதாநாயகி.

இதன் அறிவியல் பெயர் மாமில்லேரியா கிரஹாமி. ஜார்ஜ் எங்கெல்மன் என்ற தாவரவியலாளர் 1856-இல் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். அமெரிக்கா, மெக்சிகோ எல்லையை அளந்த குழுவில் இருந்த கிரஹாம் என்ற ராணுவ அதிகாரியின் நினைவாக வைத்த பெயர். இப்போது தாவரவியலாளர்கள் பலர் இதைக் கோக்கிமியா என்னும் வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். செடிக்கு இதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு இருக்கிறது!

இதன் சொந்த ஊர் சொனோரா பாலைவனம். அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா மாநிலங்களிலும், பக்கத்தில் மெக்சிகோ நாட்டிலும் பரந்து கிடக்கிற பாலைவனம் அது. அரிசோனாவில் டூசான் என்ற நகரம் இருக்கிறது. அங்கே ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழை சராசரியாக 270 மில்லிமீட்டர். நம் தமிழ்நாட்டின் சராசரி 900 மில்லிமீட்டருக்கு மேல். கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். மண்ணின் மேற்பரப்பு 60 டிகிரிக்கு மேலே கூடச் சுடும். குளிர்காலத்தில் சில ராத்திரிகளில் 0 டிகிரிக்குக் கீழே இறங்கும்.

அந்த இடத்தில் 12 மீட்டர் உயரம் வளரும் சவாரோ என்ற ராட்சதக் கள்ளியும் இருக்கிறது. அதன் காலடியில், பெரும்பாலும் 15 செ.மீ. உயரத்துக்குள், நம் பள்ளி ஸ்கேலில் பாதிக்கு நிற்பதுதான் நம் தூண்டில்முள் கள்ளி. இத்தனை சின்னது அத்தனை வெயிலில் எப்படிப் பிழைக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முள்: இலை செய்த தியாகம்

முள் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. ரோஜாவின் முள், தண்டின் மேல்தோலில் வளர்ந்தது. அதனால்தான் விரலால் தள்ளினால் பெயர்ந்து வந்துவிடும். காகிதப்பூச் செடியின் முள், கிளை மாறி முள்ளானது. கருவேல மரத்தின் முள், இலையடிச் செதில் மாறி முள்ளானது. கள்ளியின் முள்ளோ, இலையே மாறி முள்ளானது!

இலை இருந்தால் என்ன கெட்டுப்போச்சு? இலை அகலமாக இருக்கும். அகலமான இடத்தில் இருந்து நீர் ஆவியாக நிறையப் போய்விடும். நீராவிப்போக்கு என்று நாம் படித்ததுதான். பாலைவனத்தில் அது கட்டுப்படியாகாது. அதனால் கள்ளி இலையை விட்டுவிட்டது. ஒளிச்சேர்க்கை செய்யும் வேலையைப் பச்சைத் தண்டு எடுத்துக்கொண்டது.

தூண்டில்முள் கள்ளியில் சின்னச் சின்னப் புடைப்புகள் உடம்பு முழுக்க இருக்கும். ஒவ்வொரு புடைப்பின் நுனியிலும் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்கு ஏரியோல் என்று பெயர். அதிலிருந்து சுற்றிலும் சூரியக் கதிர் மாதிரி இருபதுக்கு மேற்பட்ட வெள்ளை முட்கள் படுத்தவாக்கில் கிளம்பும். நடுவில் கருஞ்சிவப்பாக நீண்ட முள் ஒன்றிரண்டு நிமிர்ந்து நிற்கும். அதில்தான் தூண்டில் மாதிரி கொக்கி.

கடிக்க வருகிற பிராணிகளைத் தடுக்கத்தான் முள் என்று நாம் எல்லாரும் பரீட்சையில் எழுதுவோம். அது சரிதான், ஆனால் பாதி விடைதான். படுத்திருக்கும் வெள்ளை முட்கள் செடிக்குக் குடை! வெயில் நேரே தோலில் படாமல் நிழல் கொடுக்கின்றன. உச்சியில் குருத்து வளரும் இடத்தில் முட்கள் நெருக்கமாக இருக்கும். பகலில் அங்கே வெயில் சுடாமலும், ராத்திரி குளிர் தாக்காமலும் பார்த்துக்கொள்கின்றன. கம்பளிக் குல்லாவும் குடையும் ஒன்றாகக் கிடைத்த மாதிரி.

2. உடம்பு: சுருங்கி விரியும் தண்ணீர்க் குடம்

அழுகிப்போன செடியை டீச்சர் கத்தியால் நறுக்கிக் காட்டினார்கள். மேல்பகுதி இன்னும் கெட்டியாக இருந்தது. நடுவில் நார் வட்டமாக, அதைச் சுற்றி வழவழப்பான சதை. வெண்டைக்காயை நறுக்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு பசை. அந்தச் சதையும் பசையும்தான் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வெளித்தோலின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. தண்ணீர் கசியாது.

உருண்டையாக இருப்பதிலும் கணக்கு இருக்கிறது. ஒரே அளவு தண்ணீரைத் தட்டில் வைத்தால் சீக்கிரம் காயும், குடத்தில் வைத்தால் லேசில் காயாது. ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த மேற்பரப்பு உள்ள வடிவம் கோளம். இதை நம் கணக்கு சாரிடம் கேட்டால் நிரூபித்தே காட்டுவார்!

புடைப்புகள் எதற்கு? மழை பெய்ததும் செடி தண்ணீர் குடித்து உப்பும். வறட்சியில் சுருங்கும். தோல் வழவழவென்று ஒரே பரப்பாக இருந்தால் உப்பும்போது வெடித்துவிடும். ஆர்மோனியத்தின் துருத்தி மடிப்பு இருப்பதால்தானே விரிந்து சுருங்குகிறது? புடைப்புகளும் அதே வேலையைச் செய்கின்றன. அதாவது கள்ளி சுருங்கியிருந்தால் அது நோய் இல்லை, அது சேமிப்பைச் செலவு செய்கிறது என்று அர்த்தம். இது எனக்கு ஆகஸ்ட் மாதமே தெரிந்திருக்க வேண்டும்.

3. வேர்: மழைக்காகக் காத்திருக்கும் கை

பாலைவனச் செடி என்றால் வேர் ஆழமாகப் போகும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் பெரும்பாலான கள்ளிகளுக்கு வேர் மேலாகத்தான் இருக்கும். அங்கே பெய்கிற சின்ன மழை மண்ணின் மேலே சில செ.மீ. மட்டும்தான் நனைக்கும். அதைப் பிடிக்க மேலேதானே கை நீட்ட வேண்டும்?

மண் காய்ந்ததும் மெல்லிய வேர்கள் உதிர்ந்துவிடும். இல்லாவிட்டால் காய்ந்த மண் செடியிடம் இருந்தே தண்ணீரை இழுத்துவிடுமாம்! மழை விழுந்து மண் நனைந்ததும் சில மணி நேரத்திலேயே புது வேர்கள் முளைக்கத் தொடங்கும். கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் குடித்து முடித்து, மறுபடியும் கதவைச் சாத்திக்கொள்ளும்.

இப்போது என் தொட்டிக்கு வருவோம். மண் காயவே நான் விடவில்லை. ஈரம் நிறைந்த மண்ணில் காற்று இடைவெளி இருக்காது. வேரும் சுவாசிக்கும் என்று நாம் படித்திருக்கிறோமே? என் செடியின் வேர் மூச்சுத் திணறிச் செத்தது. செத்த வேர் வழியாகப் பூஞ்சை உள்ளே புகுந்தது. அடியிலிருந்து அழுகல் மேலே ஏறியது. நான் பார்க்கும்போது மேலே எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. கீழே செத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

4. ராத்திரியில் மூச்சு விடும் செடி

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுக்கும். துளை திறந்தால் நீரும் வெளியே போகும். பாலைவனப் பகலில் அப்படிச் செய்தால் செடி காய்ந்து போகும். அதனால் கள்ளி பகல் முழுக்கத் துளைகளை மூடிக்கொள்கிறது. ராத்திரி குளிர்ந்ததும் திறக்கிறது. அப்போது எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைத் திரும்ப எடுத்து, வெயிலை வைத்து ஒளிச்சேர்க்கையை நடத்துகிறது. ராத்திரி மாவாட்டி வைத்துக்கொண்டு காலையில் தோசை சுடுகிற மாதிரி!

இந்த முறைக்குச் சி.ஏ.எம். என்று பெயர். இதனால் எவ்வளவு மிச்சம் தெரியுமா? 1 கிராம் கரியமில வாயுவை உள்ளே எடுக்க, நெல் மாதிரிச் செடிகள் சுமார் 400 முதல் 500 கிராம் நீரை இழக்கும். சி.ஏ.எம். தாவரங்கள் இழப்பது 50 முதல் 100 கிராம்தான்.

இதில் நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு செய்தி உண்டு. தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக வேலை பார்த்தவர் பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலையைக் காலையில் கடித்தால் புளிக்கிறது, நேரம் ஆக ஆகப் புளிப்புப் போய்விடுகிறது என்று அவர் கவனித்து எழுதினார். அது 1815-இல் லண்டனில் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சானது. பின்னால் வந்த சி.ஏ.எம். ஆராய்ச்சிக்கு அது ஒரு முன்னோடிக் குறிப்பு. ரணகள்ளி என்றால், இலையைப் போட்டு வைத்தாலே ஓரத்தில் குட்டிச்செடி முளைக்குமே, நம் பள்ளித் தோட்டத்தில் குழாயடிப் பக்கம் இருக்கிறதே, அதேதான். பெயரில் கள்ளி இருந்தாலும் அது கள்ளிக் குடும்பம் இல்லை. ஆனால் ராத்திரி மூச்சு விடும் பழக்கம் அதற்கும் உண்டு.

நானும் சோதித்துப் பார்த்தேன், நாக்கில் இல்லை, லிட்மஸ் தாளில்! காலை 7 மணிக்குப் பறித்த இலையின் சாறு நீல லிட்மஸை நன்றாகச் சிவக்க வைத்தது. சாயங்காலம் 5 மணிக்குப் பறித்த இலையின் சாற்றில் தாள் லேசாகத்தான் மாறியது. இரண்டு தாளையும் கீழே ஒட்டியிருக்கிறேன், நீங்களே பாருங்கள். யாரும் இலையைக் கடித்துப் பார்க்க வேண்டாம். அதிகம் போனால் உடம்புக்கு ஆகாது.

5. மழை வந்தால் பூமாலை

சொனோராவில் ஜூலை மாத வாக்கில் கோடை மழை தொடங்கும். அதுவரை மொட்டுகளை அடக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும் தூண்டில்முள் கள்ளி, நல்ல மழை பெய்து சில நாளில் எல்லா மொட்டையும் ஒன்றாக விரிக்கும். உச்சியைச் சுற்றி வட்டமாக, ரோஸ் நிறத்தில், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவில் பூக்கள். தலையில் பூச்சரம் சுற்றிய மாதிரி இருக்கும். புடைப்பின் நுனியில் பூக்காது, இரண்டு புடைப்புகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கில்தான் பூக்கும். மாமில்லேரியா கூட்டத்தின் அடையாளமே அதுதான்.

பூ முடிந்ததும் சிவப்பாகச் சின்னப் பழம் வரும். உள்ளே கருப்பு விதைகள். மெக்சிகோவில் இந்தக் கூட்டத்தின் பழங்களுக்குச் சிலிட்டோ என்று பெயர். அதற்கு அர்த்தம் "குட்டி மிளகாய்". படத்தைப் பார்த்தால் அப்படியே பழுத்த ஊசிமிளகாய்தான்! ஆனால் உறைக்காது.

6. தாதி மரம்

இத்தனை திறமை இருந்தாலும் விதையிலிருந்து முளைத்த குஞ்சுக் கள்ளி வெட்டவெளியில் பிழைப்பது கஷ்டம். அதனால் பெரும்பாலும் ஏதாவது ஒரு மரம், புதரின் நிழலில்தான் இவை வளர்ந்து நிற்கும். வெயில், குளிர், மேய்கிற பிராணி மூன்றிலிருந்தும் அந்த மரம் காப்பாற்றும். இப்படிப்பட்ட மரத்தைத் தாதி மரம் என்று சொல்கிறார்கள்.

அந்தத் தாதி மரங்களில் ஒன்று மெஸ்கீட். அது யார் தெரியுமா? நம் கண்மாயை எல்லாம் நிறைத்து நிற்கும் சீமைக்கருவேல மரத்தின் நெருங்கிய சொந்தம்! படித்ததும் எனக்கு நம்பவே முடியவில்லை. இங்கே நாம் வெட்டி மாளாத மரத்தின் பங்காளி, அங்கே குட்டிக் கள்ளிக்கு அம்மா மாதிரி நிற்கிறது. எது எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் ஊர்க் கள்ளி வேறே!

இதை எல்லாம் வீட்டில் சொன்னபோது எங்கள் அப்பத்தா, "கள்ளிப் பால் கண்ணுல பட்டுச்சுன்னா கண்ணே போயிரும், அதைப் போயி ஏன்டி தொடுற?" என்று அதட்டினார்கள். அப்பத்தா சொல்வது சதுரக்கள்ளியை. அது உண்மைதான், அந்தப் பால் ஆபத்து. ஆனால் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் கள்ளிக் குடும்பமே கிடையாது! அவை ஆமணக்குக் குடும்பம். இரண்டும் வேறு வேறு கண்டங்களில் ஒரே மாதிரி வறட்சியைச் சந்தித்து, ஒரே மாதிரி உருவத்துக்கு வந்து சேர்ந்தவை. சொந்தம் இல்லாத இரண்டு பேர் ஒரே யூனிஃபார்ம் போட்ட மாதிரி.

எப்படிக் கண்டுபிடிப்பது? பாலை வைத்து முடிவு செய்யக்கூடாது, மாமில்லேரியாவிலேயே சில வகைகளுக்குப் பால் உண்டு. ஏரியோல் பொட்டைப் பாருங்கள். பொட்டிலிருந்து முள் கிளம்பினால் அது உண்மையான கள்ளி. சதுரக்கள்ளியில் பொட்டு இருக்காது, முள் இரண்டு இரண்டாக இருக்கும்.

உண்மையான கள்ளிகள் எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. ஒரே ஒரு விதிவிலக்கு ரிப்சாலிஸ் என்ற, மரத்தில் தொங்கும் கள்ளி. அது ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் கூட இயற்கையாக இருக்கிறது.

"அப்ப நம்ம வேலியோரச் சப்பாத்திக்கள்ளி?" என்று கேட்பீர்கள். பழம் தின்று வாயெல்லாம் சிவந்து, விரலில் சுணை ஏறி அழாதவர் நம் வகுப்பில் யாரும் இல்லையே! அது அசல் கள்ளிதான். ஆனால் வந்தேறி. கடல் கடந்து வந்த அது இங்கே மேய்ச்சல் நிலம் எல்லாம் பரவிவிட்டது. கடைசியில் 1926-இல் இலங்கையிலிருந்து அதைத் தின்னும் ஒரு பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது. தன் ஊரில் அளவோடு இருக்கும் செடி, இடம் மாறினால் எப்படி மாறிவிடுகிறது பாருங்கள்.

ஆசையால் வரும் ஆபத்து

நான் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தேன். உலகத்தில் வேறு சிலர் பிடுங்கிக் கெடுக்கிறார்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 1,478 கள்ளி இனங்களைப் பரிசோதித்தார்கள். அதில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. நிலத்தை அழிப்பது ஒரு காரணம். அழகுக்காகக் காட்டிலிருந்து பிடுங்கி விற்பது இன்னொரு காரணம். 2020-இல் இத்தாலி நாட்டில், சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து திருடி வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளைப் போலீசார் பிடித்தார்கள். பிழைத்தவற்றில் 800-க்கு மேல் 2021-இல் சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. ஒரு கள்ளி கையளவு வளரவே பல வருஷம் ஆகும். பிடுங்க ஒரு நிமிஷம் போதும்.

1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை, ஏறக்குறைய கள்ளிக் குடும்பம் முழுவதற்கும் வியாபாரக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அரிசோனாவிலும் அனுமதி இல்லாமல் காட்டுக் கள்ளியைத் தோண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆகவே கள்ளி வளர்க்க ஆசைப்பட்டால் நர்சரியில் விதை போட்டோ, பக்கக்கன்று வைத்தோ வளர்த்த செடியைக் கேட்டு வாங்குங்கள்.

கள்ளி வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லும் ஐந்து யோசனைகள்

1. தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
2. பாதிக்கு மேல் மணலும் பொடிக்கல்லும் இருக்கட்டும். களிமண் ஆகாது.
3. ஒரு ஈர்க்குச்சியை மண்ணில் அடிவரை குத்தி எடுங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஊற்றினால் நன்றாக ஊற்றி, வடிய விடுங்கள்.
4. கீழே தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது. (இது எனக்கு நானே எழுதியது.)
5. நல்ல வெளிச்சம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திண்ணைக்குள் எடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி

அன்றைக்குச் செடியை நறுக்கியபோது, ஒரு பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு பக்கக்கன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அழுகல் அதுவரை ஏறவில்லை. டீச்சர் அதைச் சுத்தமாக அறுத்து என் கையில் கொடுத்து, "இதை நட்டுறாத. காய வை. வெட்டுப்பட்ட இடம் தழும்பு மாதிரி ஆகணும். அதுவரைக்கும் நீ ஒண்ணும் செய்யக்கூடாது" என்றார்கள்.

நண்பர்களே, ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பத்து நாள் நிழலில் வெறும் காகிதத்தின் மேல் கிடந்தது. பிறகு மணல் கலந்த மண்ணில் வைத்தேன். அதற்குப் பிறகும் பத்து நாள் தண்ணீர் இல்லை. கன்று கொஞ்சம் சுருங்கியது. என் கை டம்ளரைத் தேடி இரண்டு தடவை குழாயடி வரை போனது. "அது சேமிப்பைச் செலவு செய்யுது, விடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன்.

பதினோராம் நாள் நான்கு ஸ்பூன் தண்ணீர் ஊற்றினேன். போன திங்கட்கிழமை லேசாக ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை! மண்ணைப் பிடித்துக்கொண்டது. வேர் விட்டுவிட்டது!

டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். டீச்சர் சிரித்துக்கொண்டே, "இப்பத்தான் நீ செடி வளக்க ஆரம்பிச்சிருக்க" என்றார்கள்.

ஒருவரை நமக்குப் பிடித்திருக்கிறது என்பது மட்டும் போதாது. அவர் யார், அவருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்துகொள்ளவும் வேண்டும். செடிக்கும் அப்படித்தான். இது டென்னிஸ் பந்து அளவுள்ள ஒரு கள்ளி செத்துப்போய் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

தொட்டி மறுபடியும் ஆய்வக ஜன்னலில்தான் இருக்கிறது. எல்லாரும் வந்து பாருங்கள். தயவுசெய்து யாரும் தண்ணீர் ஊற்றாதீர்கள்!

சிந்திக்க, விடை எழுத

1. ரோஜா முள்ளுக்கும் கள்ளி முள்ளுக்கும் என்ன வேறுபாடு?
2. கள்ளி பகலில் ஏன் துளைகளை மூடிக்கொள்கிறது?
3. சதுரக்கள்ளி உண்மையான கள்ளி இல்லை என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?
4. நம் பள்ளி வளாகத்தில் எந்த மரம் எந்தச் செடிக்குத் தாதியாக நிற்கிறது? தேடிப் பாருங்கள்.

விடைகளை வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வக வாசலில் இருக்கும் அட்டைப்பெட்டியில் போடுங்கள். சரியாக எழுதியவர்களின் பெயர் அடுத்த மாதச் சுவர் இதழில் வரும். நான்காவது கேள்விக்கு நல்ல விடை எழுதுபவருக்கு, என் கள்ளி அடுத்த பக்கக்கன்று விடும்போது அது பரிசு. எப்போது விடும் என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு அவசரம் இல்லை!



இப்படிக்கு,
ஆய்வகச் செடிப் பொறுப்பாளர்,
9-ஆம் வகுப்பு, ஆ பிரிவு.